‘நே’ என்றால் ஆமாம்

என் அத்தானுக்கு லாண்டரியில் ‘ஏழு பாஷை’ என்று பெயர். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். கேலிக்கு வைத்தேன். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நானும் வெளியாட்கள் முன்னால் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நழுவிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

எங்கள் லாண்டரிக்கு நான்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஏழெட்டு ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்ப வேண்டும். நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறோம். ஆளுக்கொரு மூலையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சாப்பாட்டு அறையில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பாஷை கேட்கும். எல்லோருக்கும் பொதுவான பாஷையை முழுதாகப் பேசுகிறவர் சூப்பர்வைசர் ஒருவர்தான். மற்ற நாங்கள் அதை அரையும் குறையுமாகப் போட்டு உடைத்துக்கொண்டிருப்போம்.

அத்தான் இங்கே பத்தொன்பது வருஷமாக இருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். இருபத்து மூன்று வயதில், பாஷை ஒரு சொல்கூடத் தெரியாமல் வந்து சேர்ந்த முதல் வாரம், தலைமைச் சமையல்காரர் அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறார். இவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டாராம். நான்கு மாதம் ஒரு நாள் லீவு இல்லாமல் பாத்திரம் கழுவிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சமையலறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். அக்கா இதைச் சொல்லும்போது அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

அன்று அவர் இரண்டு முடிவு எடுத்தார். ஒன்று, எதிரே வருகிற பாஷையை எல்லாம் கற்றுக்கொள்வது. இன்னொன்று, இனிமேல் யாரிடமும் தெரியாது என்று சொல்வதில்லை. முதல் முடிவு நல்ல முடிவு. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கதை.

துணி மூட்டையில் கட்டுகிற அட்டைச் சீட்டு இருக்கிறதே, அதில் பாஷைக்கு ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் பத்துச் சொல், தமிழ் எழுத்தில். ஆமாம், இல்லை, வா, போ, தண்ணீர், சூடு, போதும், நன்றி, என்ன, வலிக்கிறதா. பஸ்ஸில் உட்கார்ந்து அவற்றை முணுமுணுத்துக்கொண்டே வருவார். பத்துச் சொல் தெரிந்தால் ஒரு பாஷை தெரிந்த மாதிரி என்பது அவர் வாதம். குறை சொல்லவும் முடியாது. புதிதாக வந்தவர்கள் மிரண்டு போய் நிற்கும்போது, இவர் போய் அவர்கள் பாஷையில் “தண்ணீர்?” என்று கேட்பார். அந்த முகங்கள் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன். என்னை அப்படி யாரும் கேட்கவில்லை. நான் வந்த புதிதில் ஒரு ரஷ்யக்காரர் “தா, தா” என்று தலையாட்டியபடி இருக்க, நான் துண்டுகளை எடுத்து எடுத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் பாஷையில் ‘தா’ என்றால் ஆமாம்.

சின்னச் சொற்கள் எப்போதும் இப்படித்தான் காலை வாரிவிடும். இருந்தாலும் அத்தானுக்கு அவைதான் பிடிக்கும். ‘நே’ என்ற சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பழைய பாய்லர் மெக்கானிக். கிரேக்கர். கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆமாம். பிறகு இஸ்திரிப் பகுதிக்கு ஒரு கொரியப் பெண் வந்தார். நாங்கள் அவரை இஸ்திரி அக்கா என்போம். எது சொன்னாலும் “நே, நே” என்பார். கொரிய பாஷையிலும் அது ஆமாம்தான். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கோ இருக்கிற இரண்டு பாஷையில் ஒரே சொல் ஆமாம் என்றால், அது உலகத்துக்கே ஆமாமாகத்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் வந்து அரை மணி நேரம் விளக்கினார். அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். ஊசியைப் பல்லில் கடித்தபடி “ம்” என்றாள். அக்காவின் ‘ம்’முக்கு ஆமாம், இல்லை, அப்புறம், பேசாமல் போய்ச் சாப்பிடுங்கள் என்று நாலு அர்த்தம் உண்டு. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் அது எந்த ‘ம்’ என்று இவருக்குப் பிடிபடவில்லை. உலகத்து ‘நே’ மட்டும் பிடிபட்டுவிட்டதாம்.

மெக்கானிக் ஓய்வு பெற்றுப் போய் இரண்டு வருஷம் கழித்து, மடிப்பு மேஜைக்கு ஒரு அம்மா வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கிய வயது, நல்ல உயரம். மேல் தட்டில் உள்ளதை எல்லாம் ஏணி இல்லாமல் எடுப்பார். நெட்டையம்மா என்று பெயர் வைத்தேன்; பெயர் வைக்கிற வியாதி எனக்கு உண்டு. பொதுமொழியில் அவருக்கு ‘காலை வணக்கம்’, ‘நாளைக்கு’ என்ற இரண்டு சொல்தான் தெரியும். அதிகம் பேசவும் மாட்டார். அத்தான் ஒரு நாள் தூரத்திலிருந்து அவர் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, “நம்ம மெக்கானிக் பேசுற பாஷைதான்” என்று முடிவு கட்டினார். போய்க் கிரேக்கத்தில் நன்றி சொன்னார். அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு அத்தானுக்குச் சாட்சிக் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. பாஷை தெரியாத இடத்தில் ஒரு ஆள் எதற்கெல்லாம் சிரிப்பார் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியவர் அவர்.

அவர் வந்த மூன்றாவது வாரம் ஒரு விபத்து நடந்தது.

விரிப்புகளை இஸ்திரி போட எங்களிடம் ஒரு பெரிய ரோலர் இயந்திரம் இருக்கிறது. கொதிக்கிற உருளைகள் சுழன்றுகொண்டிருக்கும். இரண்டு பேர் எதிரெதிர் முனையைப் பிடித்து விரிப்பை உள்ளே விட வேண்டும். கைக்கு நேரே ஒரு மெல்லிய கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும், அதுதான் பாதுகாப்பு. ஆனால் அந்தக் கம்பிக்கு ரோஷம் அதிகம். துணி கொஞ்சம் சுருங்கினாலும் பொசுக்கென்று நின்றுவிடும். வேலை குவிந்து கிடக்கிற நாட்களில் யாராவது கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். கூடவே கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். நாங்கள் எல்லோரும் ஒரு நாளாவது அதைக் கட்டியிருக்கிறோம். நானும்தான்.

அன்று காலை பத்தே கால் மணிக்கு இஸ்திரி அக்காவின் வலது கை உள்ளே போய்விட்டது. அன்று இயந்திரத்துக்கு ஆள் குறைந்ததால் எதிர்முனையில் நின்றவர் நெட்டையம்மா. நாங்கள் ஓடிப் போவதற்குள் கையை வெளியே எடுத்துக் குழாயடியில் பிடித்திருந்தார்கள். நான்கு விரல் வெந்துபோயிருந்தது. கம்பியில் துணிப் பட்டை கட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து இஸ்திரி அக்காவைக் கொண்டுபோனது.

தலைமை அலுவலகத்துக்கு அன்றே அறிக்கை போக வேண்டும். சூப்பர்வைசர் தம் கண்ணாடி அறையில் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெட்டையம்மா எதிரே, மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. மேலங்கி முன்பக்கம் முழுக்க ஈரம். நான் ஐஸ் பையைத் திருப்பி வைக்க அந்த அறைக்குள் போனேன். இவர் பாஷை யாருக்காவது தெரியுமா என்று சூப்பர்வைசர் கேட்டார். அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் நான் முந்திக்கொண்டு சொன்னேன், எங்கள் அத்தானுக்குத் தெரியும் என்று. சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இன்று அதை எழுதக் கூசுகிறது.

அத்தான் வந்தார். சீட்டில் ‘கட்டு’ என்பதற்குச் சொல் இல்லை. அதனால் அந்தத் துணிப் பட்டையைக் கையில் எடுத்து, முடிச்சுப் போடுகிற மாதிரி காட்டி, அம்மாவை நோக்கி விரலை நீட்டினார். நீயா கட்டினாய் என்று அர்த்தம். அம்மா பட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“நே” என்றார். மோவாயை மேலே தூக்கிக் கீழே இறக்கினார். “நே, நே.”

சூப்பர்வைசர் அத்தானைப் பார்த்தார்.

“ஆமாங்கிறாங்க” என்றார் அத்தான்.

நிச்சயமா என்று கேட்டார் சூப்பர்வைசர். இரண்டு முறை கேட்டார். அந்த இடத்தில் ஒரு ‘தெரியல’ போதும். அத்தான் நிச்சயம் என்றார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் முகம் கொஞ்சமாவது கவிழும். இவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெருடியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. யாரோ ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார், இனி என்னையோ மற்றவர்களையோ கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதிதான் உள்ளே முதலில் வந்தது. அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் அதே நிம்மதிதான் என்று முகத்திலேயே தெரிந்தது.

வேலையிலிருந்து நீக்குவதாக எழுதிய தாளில், விரல் காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். போகும்போது அத்தானின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். என்ன என்று நான் கேட்டேன். மன்னிப்புக் கேட்கிறார் என்று அத்தான் எனக்கு மொழிபெயர்த்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், நெட்டையம்மா கேட்டில் நிற்கிறார். கையில் மதியச் சாப்பாட்டு டப்பா. காவலாளி கையை ஆட்டி ஆட்டிப் போகச் சொல்கிறார். முதல் நாள் தம்மை ஓய்வெடுக்கத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதே நாள் பதினோரு மணிக்கு அத்தானுக்கு ஒரு பச்சை பேட்ஜ் கொடுத்தார்கள். மொழி உதவியாளர் என்று அதில் எழுதியிருந்தது.

மூன்று வாரம் போனது. வியாழக்கிழமைகளில் வெளியூரிலிருந்து துணி ஏற்றி வருகிற லாரி டிரைவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் ஊர் அம்மா ஒருவர், நல்ல உயரமாக இருப்பார், இங்கே வேலை செய்கிறாராமே, வேலை முடிந்து போய்விட்டாரா என்று உடைந்த பொதுமொழியில் அத்தானிடம் விசாரித்தார். அத்தானுக்கு வித்தையைக் காட்ட வாய்ப்பு. “நே, நே” என்றார், ஆமாம் போய்விட்டார் என்ற அர்த்தத்தில். டிரைவர் சந்தோஷமாக உள்ளே போனார். நான்கு பகுதியும் சுற்றிவிட்டு எரிச்சலோடு திரும்பி வந்தார்.

“போகலைன்னு சொன்னீங்க. ஆளையே காணோமே.”

நான் ‘நே’ என்றுதானே சொன்னேன் என்றார் அத்தான்.

“‘நே’ன்னா இல்லைன்னுதானே அர்த்தம்.”

அத்தான் சிரித்தார். கிரேக்கத்தில் அது ஆமாம் என்று அவருக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார். டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அதுக்கு நான் கிரேக்கனா இருக்கணும், அவங்களும் கிரேக்கரா இருக்கணும். எங்க பாஷை பல்கேரியன். ஆமான்னா ‘தா’. ‘நே’ன்னா இல்லை.” அப்புறம் மோவாயை மேலே தூக்கிக் கீழே இறக்கினார். “நாங்க இப்படி ஆட்டினாலும் இல்லைதான்.”

நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. டிரைவர் போன பிறகு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

“உன் அக்காகிட்ட சொல்லிடாத.”

சரி என்றேன். அவ்வளவு எளிதாகச் சரி என்றேன். நான்தானே அவரைக் கூப்பிட்டுவிட்டது, விஷயம் வெளியே வந்தால் என் பெயரும் வருமே என்ற பயம். குடும்ப மானம் என்று அதற்கு நானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் செய்ததைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேட்ஜைச் சட்டையிலிருந்து எடுத்துப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பஸ்ஸிலும் சாப்பாட்டு அறையிலும் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் உங்கள் பாஷையில் ‘நே’ என்றால் என்ன என்று கேட்க ஆரம்பித்தார். துருக்கி பாஷையில் ‘என்ன’ என்று அர்த்தமாம். ஜப்பானியர்கள் நாம் ‘இல்லையா’ என்று இழுப்போமே, அதுபோல வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொள்வார்களாம். செர்பிய பாஷையில் இல்லை. செக் பாஷையிலும் இல்லை. ஒரு புதுச் சீட்டு எடுத்து ஆமாம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம் என்று எழுதிக்கொண்டே வந்தார். ஆமாம் என்கிற பக்கம் நீண்டுவிட்டால் தம் தப்பு சின்னதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நீண்டது இல்லை என்கிற பக்கம்தான். ஒரு நாள் அதை என்னிடம் நீட்டினார். அந்த அம்மா வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் இங்கே ஓட்டு எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். டிரைவர் வந்துபோய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அக்கா ஒரு பேன்ட்டின் அடிமடிப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து, மிச்சக் குண்டூசிகளை டப்பாவில் போட்டு மூடினாள். அத்தான் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“அந்தம்மா வீடு எங்க இருக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“தெரியாது” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“இதை அன்னைக்கு அந்த ரூம்ல சொல்லியிருக்கலாம்ல. ஏழு பாஷையில தேடிப் போக வேண்டாமே, நம்ம பாஷையிலேயே இருக்கே.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான் கூனிக் குறுகி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அக்கா என்னையும் ஒரு பார்வை பார்த்திருந்தாள், அது இன்னும் சகிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் கண்ணாடி அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பேட்ஜை மேஜையில் வைத்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அம்மாவின் பாஷை எது என்றே தமக்குத் தெரியாது என்றார். அத்தானைப் பரிந்துரைத்தது நான்தான் என்று நானும் சொன்னேன். சூப்பர்வைசர் பழைய படிவத்தைத் தேடி எடுத்தார். தாமும் அன்று ஆமாம் என்ற பதில் வந்தால் தேவலை என்றுதான் காத்திருந்ததாகவும், படிவத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் மேற்கொண்டு விசாரிக்கவில்லை என்றும் பிறகு சொன்னார். இஸ்திரி அக்கா அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். இரண்டு விரல் மடங்கவில்லை. பட்டியல் சரிபார்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதுவரை அவரை யாருமே கேட்டிருக்கவில்லை.

அன்று காலை தாங்கள் வரும்போதே பட்டை கட்டித்தான் இருந்தது என்றார் அவர். நெட்டையம்மா அதை அவிழ்க்கப் போனாராம். வேலை நிறைய இருக்கிறது, இருக்கட்டும் விடு என்று சைகை காட்டித் தடுத்தவர் இஸ்திரி அக்காவேதான். “நெருப்புக்குள்ள கைய விட்டு என் கைய இழுத்ததும் அவங்கதான்” என்றார்.

சூப்பர்வைசர் கடிதம் எழுதினார். தவறு அந்த அம்மாவுடையது அல்ல, நீக்கியது ரத்து, விரும்பினால் திரும்ப வரலாம் என்று. தபாலில் அனுப்பலாம் என்றார். தாமே கொண்டுபோய்க் கொடுப்பதாக அத்தான் சொன்னார். முகவரியை வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம், “நீயும் வா, கொழுந்தியா” என்றார். எப்போதும் கிண்டலாகக் கூப்பிடுகிற பெயர். அன்று அதில் கிண்டல் இல்லை.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அம்மாவின் மகள். முப்பது வயதிருக்கும், மருந்துக் கடையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பொதுமொழியை எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பேசினாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த நெட்டையம்மா அத்தானைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். எங்களை உட்கார வைத்து ஆப்பிள் நறுக்க ஆரம்பித்தார். வலது மணிக்கட்டின் உள்பக்கம் நீளமாக ஒரு தீக்காயத் தழும்பு. அன்று அவருக்கும் பட்டிருக்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. மடியில் கையைக் கவிழ்த்து வைத்திருந்தார், யாரும் பார்க்கவில்லை.

வேலை போனதும் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து பார்த்ததாகவும், அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொல்லி வைத்துவிட்டதாகவும், இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் படிக்கட்டு துடைக்கிறார் என்றும் மகள் சொன்னாள். முட்டி வலி அதிகமாகிவிட்டதாம்.

அத்தான் உட்காரவில்லை. கடிதத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வழியெல்லாம் தயார் செய்து வந்ததைச் சொன்னார்.

“உங்கம்மா இல்லைன்னுதான் சொன்னாங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன். எனக்கு உங்க பாஷை தெரியாது. தெரியும்னு பொய் சொன்னேன். அதனாலதான் அவங்க வேலை போச்சு. இதை அப்படியே அம்மாகிட்ட சொல்லுங்க.”

மகள் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். மடித்தாள். அம்மா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துச் சிரித்தபடி காத்திருந்தார். மகள் திரும்பி அவரிடம் நாலைந்து வாக்கியம் சொன்னாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அறைந்தால் வாங்கிக்கொள்கிற ஆள் மாதிரி நின்றார்.

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கண் கலங்கியது. ஏதோ சொன்னார். பிறகு ஆப்பிள் தட்டை அத்தான் பக்கம் நகர்த்தினார்.

என்ன சொல்கிறார் என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

“கம்பெனி தப்பை ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னேன்” என்றாள் மகள். “நீங்க விடாம பேசி, இந்த லெட்டரை வாங்கிட்டு வந்திருக்கீங்கன்னு சொன்னேன்.”

“நான் சொன்னதைச் சொல்லலையா?”

“சொல்லலை.” அவள் குரல் ஏறவே இல்லை. “அன்னைக்கு அந்த ரூம்ல தனக்காகப் பேசினவர் ஒருத்தர் இருந்தார்னு அம்மா நம்பிட்டிருக்காங்க. அன்னைக்கே உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னேன்னு என்கிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்காங்க தெரியுமா? அந்த ஒரு நம்பிக்கையிலதான் அடுத்த வாரமே வேற வேலை தேடிப் போனாங்க. உங்க மனசு லேசாகணும்கிறதுக்காக அதை நான் அவங்ககிட்ட இருந்து பிடுங்க முடியாது. நீங்களும் எப்பவும் சொல்லக் கூடாது.”

அத்தான் தட்டிலிருந்து ஒரு துண்டு ஆப்பிளை எடுத்துக்கொண்டார். அம்மா மகளிடம் எதையோ கேட்டார், அத்தானைக் காட்டி. மகள் பதில் சொன்னாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

“நீங்க இன்னும் அங்கதான் வேலை செய்றீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்படின்னா திங்கட்கிழமையிலேருந்து வர்றாங்களாம்.”

வந்தார். இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது பொதுமொழி ஓரளவு பேசுகிறார். அத்தான் பேட்ஜைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. யாராவது மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறார். அவர் தன்னடக்கக்காரர், அதனால்தான் அப்படிச் சொல்கிறார் என்று நெட்டையம்மா எல்லோரிடமும் சொல்கிறார். உண்மை தெரிந்த சூப்பர்வைசர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இஸ்திரி அக்கா எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டார், ஆனால் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மகள் அவரையும் வந்து பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

போன வாரம் மடிப்பு மேஜைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். நெட்டையம்மா வழக்கம் போல அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னார். செய்யாத தப்புக்கு வேலை போனது, பாஷை தெரியாமல் தவித்தது, இந்த மனிதர் ஒருவர்தான் தமக்காக நின்று பேசினார் என்பதெல்லாம். சொல்லி முடித்து, அத்தானின் தோளைத் தட்டினார். அந்தப் பெண் வியந்துபோய், நிஜமாகவா, நீங்களா என்று அத்தானிடம் கேட்டாள். நெட்டையம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா” என்றார் அத்தான்.

முதல் தடவை தெரியாமல் சொன்னார். இப்போது தெரிந்தே சொல்கிறார். நான் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றிருந்தேன். மூலைக்கு மூலை சேர்த்து மடித்தோம்.